மயங்குவனவும் மயங்காததும்: புகழ்பெற்ற ஓவியங்களும் இலக்கிய மாந்தரும் கலந்த படைப்புகள் பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

புகழ்பெற்ற ஓவியம் ஒன்றின் முகத்தை வேறொரு நூலின் மாந்தர்க்கு அணிவித்தல், காவிய மாந்தரை அவர்க்கு உறவில்லாத ஓவியம் ஒன்றினுள் குடியேற்றுதல் ஆகிய இவ்விரு வகை விளையாட்டும் கடந்த இரு நூற்றாண்டுக் கலை வரலாற்றில் இடையறாது நிகழ்ந்து வந்துள்ளன. இவ்வாறு அமைவனவற்றை இக்கட்டுரை ‘கலப்புப் படைப்பு’ என்னும் பெயரால் குறிப்பிடுகின்றது.

இத்தகைய படைப்புகளைக் காண்போரிடையே பொதுவாக இரு நிலைப்பாடுகள் காணப்படுகின்றன. மூலத்திற்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு எனக் கொண்டு சினப்பது ஒன்று. வெறும் நகைச்சுவை எனக் கொண்டு சிரித்துவிட்டு அகல்வது மற்றொன்று. இவை தம்முள் முரண்பட்டவை போலத் தோன்றினும், கலப்பு எவ்வாறு அமைந்துள்ளது என்பதை ஆராயாமல் விடுவதில் இரண்டும் ஒன்றே. சினப்பவர் கலப்பு நிகழ்ந்தமையையே குற்றம் என்கிறார். சிரிப்பவர் கலப்பு நிகழ்ந்தமையே போதும் என்கிறார். நல்ல கலப்பையும் நலிந்த கலப்பையும் வேறுபடுத்தி அறிவதற்கான அளவுகோல் இருவரிடத்தும் இல்லை.

அத்தகைய அளவுகோல் ஒன்றைத் தமிழ்ப் பொருளிலக்கணத்திலிருந்து பெற இயலும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். தொல்காப்பியம் கூறும் மயக்கம் என்னும் கோட்பாடு கருவியாகவும், இங்கிலாந்தில் தோன்றிய ஒரு நூற்படமும் இந்தியாவில் தோன்றிய ஓர் ஓவிய வரிசையும் ஆய்வுப் பொருளாகவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. மயக்கம் என்னும் கோட்பாடு

அகத்திணையியல் பாடலின் பொருளை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுக்கின்றது. நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியன கரு. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்பனவும் அவற்றின் நிமித்தங்களும் உரி. குறிஞ்சிக்குரிய பறவை முல்லைப் பாட்டில் வரலாம். நெய்தற் பூ மருதத்தில் மலரலாம். இக்கலப்பை இலக்கணம் தடுக்கவில்லை. மாறாக, அதற்கு ‘மயக்கம்’ என ஒரு பெயரிட்டு இடமும் அளித்துள்ளது.

அவ்வாறு இடமளிக்கும்போது ஆசிரியர் இரு வரையறைகளையும் உடன் வைக்கின்றார். நிலங்கள் ஒருங்கு மயங்குதல் இல்லை என்பது ஒன்று. உரிப்பொருள் அல்லாதன மயங்கவும் பெறும் என்பது மற்றொன்று. இந்நூற்பாக்களின் நுட்பங்களில் உரையாசிரியர்களிடையே வேறுபாடுகள் உண்டெனினும், பொதுக்கருத்துத் தெளிவானதே. பாடலின் புறச்சூழல் எவ்வளவு கலந்தாலும் அதன் உள்ளீடாகிய உணர்வு சிதறலாகாது. கலப்பிற்கு எல்லை உண்டு. அவ்வெல்லை பொருள்களிடையே அன்று, உணர்வினிடத்தே வகுக்கப்பட்டுள்ளது.

இக்கோட்பாட்டை ஓவியத்திற்குப் பொருத்துவதில் இரு தடைகள் எழக்கூடும். அகத்திணை மாந்தர் பெயர் சுட்டப்பெறாதவர். இக்கட்டுரையில் வருவோரோ பெயர் பெற்றவர் என்பது முதல் தடை. அகத்திணை சொல்லால் ஆவது. ஓவியம் கோட்டாலும் வண்ணத்தாலும் ஆவது என்பது இரண்டாவது தடை. இவ்விரண்டும் மறுக்கத்தக்கன அல்ல. எனினும், ஈண்டு அகப்பாடலின் இலக்கணம் முழுவதும் ஓவியத்தின்மேல் ஏற்றப்படவில்லை. புறச்சூழல் வேறு, உள்ளுணர்வு வேறு எனப் பிரித்துக் காணும் முறை மட்டுமே கடனாகப் பெறப்படுகின்றது.

3. பின்னது முன்னதை மாற்றுதல்

கலப்புப் படைப்பின் இயல்பு ஒன்றை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். இதற்கு மார்செல் டுஷாம்ப் என்னும் பிரெஞ்சுக் கலைஞரின் செயல் நல்ல சான்றாகும். லியோனார்டோ டா வின்சியின் மோனா லிசா அச்சிடப்பட்ட மலிவான அஞ்சலட்டை ஒன்றில் அவர் 1919இல் மீசையும் தாடியும் வரைந்தார். அடியில் ஐந்து எழுத்துகளைப் பொறித்தார். அவ்வெழுத்துகளைப் பிரெஞ்சு மொழியில் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தால் கொச்சையான ஒரு தொடர் செவியில் விழும். தமிழ் மரபில் இதனைச் சிலேடையின்பாற் படுத்தலாம்.

இவ்விளையாட்டின் முழுப்பயன் நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிப்பட்டது. 1965இல் டுஷாம்ப் மோனா லிசாவின் படத்தை எம்மாற்றமும் செய்யாமல் ஓர் அட்டையில் ஒட்டி, ‘மழிக்கப்பட்டது’ என்னும் குறிப்புடன் வெளியிட்டார். மீசை இல்லாத முகம், மீசை எடுக்கப்பட்ட முகமாயிற்று. மூலத்தின்மேல் ஒரு கோடும் இடாமலே மூலத்தின் பொருளைப் பின்வந்த படைப்பு மாற்றிவிட முடியும் என்பதை இது காட்டுகின்றது.

தமிழ்க் கல்வி மரபில் உரை செய்யும் பணியும் இதனோடு ஒப்பிடத்தக்கது. பரிமேலழகரைப் பயின்றவர் அவருரையை அறவே மறந்து குறளை மட்டும் காணுதல் அரிது. உரை மூலத்தைத் தொடுவதில்லை. ஆயின் மூலம் காணப்படும் வழியை வகுத்துவிடுகின்றது. கலப்புப் படைப்பையும் இரு மூலங்களுக்கு ஒருங்கே எழுதப்பட்ட உரை எனக் கொள்ளலாம். உரை மூலத்தின் பொருளைத் திறக்கவும் கூடும், மூடவும் கூடும்.

4. மூதாட்டியும் சீமாட்டியும்

ஆன்ட்வெர்ப் நகரில் வாழ்ந்த குவென்டின் மாசைஸ் என்னும் ஓவியர் ஏறத்தாழ 1513இல் மூதாட்டி ஒருவரின் படத்தைத் தீட்டினார். ஓக் பலகையில் எண்ணெய் வண்ணத்தால் ஆன இப்படம் 1947இல் உயில்வழி இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தைச் சேர்ந்தது. சுருங்கிய தோல், அகன்ற மேலுதடு, தூக்கிய மூக்கு, நெரிக்கப்பட்ட மார்பு ஆகியவற்றோடு மூதாட்டி காட்சியளிக்கிறார். தலையில் இரு கொம்புகள் போல் உயர்ந்த அணி. அவ்வணி, படம் தீட்டப்பெற்ற காலத்திற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே வழக்கொழிந்தது. அதாவது அவர் தம் இளமைக்கால உடையை முதுமையில் உடுத்தியுள்ளார். கையில் மலராத ரோசா மொட்டு ஒன்று உள்ளது.

இப்படத்திற்கு இணையாக முதியவர் ஒருவரின் படமும் மாசைஸால் தீட்டப்பெற்றுள்ளது. அது தனியார் சேகரிப்பில் உள்ளது. இரண்டும் 2023இல் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் கண்காட்சி ஒன்றில் அருகருகே வைக்கப்பட்டன. இணைத்துக் காணும்போது பொருள் விளங்குகின்றது. மூதாட்டி மொட்டை அம்முதியவர்க்கு நீட்டுகிறார். அவரோ கையை உயர்த்தித் தடுப்பவர் போலத் தோன்றுகிறார். இது காதல் வேண்டுதலும் அதன் மறுப்பும் ஆகிய ஒரு சிறு நாடகம். தொல்காப்பியர் பெருந்திணையுள் அடக்கும் ‘இளமை தீர்திறம்’ என்பதற்கு இதனினும் பொருத்தமான ஓவியம் கிடைப்பது அரிது. இருவரும் இளமை கடந்த நிலையையும் இளம்பூரணர் இதனுள் அடக்குவார். பொருந்தாக் காமத்தை நகையாடுவதே மாசைஸின் நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நகையின் அடியில் வேட்கையும் மறுப்பும் என்னும் உரிப்பொருள் நிலைபெற்றுள்ளது.

1865இல் லூயிஸ் கரோலின் ‘அற்புத உலகில் ஆலிஸ்’ வெளிவந்தது. அதற்கு ஜான் டென்னியல் 42 படங்கள் வரைந்தார். நூலில் டச்சஸ் என்னும் சீமாட்டி ஒருத்தி வருகின்றாள். மிளகுத்தூள் நிறைந்த அடுக்களையில் குழந்தையைத் தூக்கிப்போட்டு ஆட்டுபவள் அவள்; பின்னர் எதற்கெடுத்தாலும் ஒரு நீதி சொல்பவள். டென்னியல் வரைந்த சீமாட்டியின் அகன்ற முகமும் பெரிய தலையணியும் மாசைஸின் மூதாட்டியை நினைவூட்டுகின்றன. இவ்வுருவ ஒற்றுமையைக் கொண்டே டென்னியலுக்கு மாசைஸின் படம் தூண்டுகோலாயிற்று என ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர்.

நூலின் சொற்களோடு படத்தை ஒப்பிட்டு நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். சீமாட்டியின் தோற்றம் பற்றிக் கரோல் மிகக் குறைவாகவே சொல்கிறார். அவள் மிகவும் அழகற்றவள் என்பதும், அவளுடைய கூரிய முகவாய் ஆலிஸின் தோளில் பதிந்து உறுத்துகின்றது என்பதுமே முதன்மையானவை. டென்னியலின் சீமாட்டிக்கு வாய்த்த பருத்த முகத்தில் அத்தகைய கூரிய முகவாயைக் காணுதற்கில்லை. நூல் தந்த தனித்தன்மை வாய்ந்த குறிப்பை விடுத்து, ‘அழகற்றவள்’ என்னும் பொதுச்சொல்லுக்கு மட்டும் ஓவிய மரபிலிருந்து ஓர் உருவை டென்னியல் பெற்றுள்ளார் எனலாம்.

இக்கலப்பில் மயங்கியவை எவை? தலையணியும் முகமும் மயங்கின, இவை கருப்பொருள். மொட்டும், அதனை நீட்டும் செயலும், மறுக்கும் கையும் விடுபட்டன. இவை உரிப்பொருளைச் சுமந்தவை. வேட்கையுற்ற ஒரு பெண்ணின் முகம், வேட்கை நீக்கப்பட்டுச் சினமுற்ற ஒரு பெண்ணின் முகமாயிற்று.

5. இருவழி மதிப்பீடு

ஆயினும் டென்னியலைக் குறைகூறி நிறுத்திவிடுதல் நடுவுநிலை ஆகாது. நூலின் பக்கம் நின்று நோக்கினால் இக்கலப்பு வெற்றியே. கரோலின் நகை, குழந்தைகளுக்கு ஓயாது நீதி புகட்டிய அக்கால நூல்களை நோக்கியது. நீதி சொல்லும் வாய்க்கு உயர்குடி அணியையும் நகைப்பிற்குரிய முகத்தையும் ஒருங்கே அளித்ததன் மூலம், டென்னியல் அந்நகையை அதிகாரத்தின்மேல் திருப்பினார். காதலை வேண்டி நின்ற எளியவரை நோக்கிய சிரிப்பு, பிறரை அடக்குபவரை நோக்கிய சிரிப்பாக மாறியது. இது சிறிய பேறன்று.

ஓவியத்தின் பக்கம் நின்று நோக்கினால் நிலைமை வேறு. மாசைஸின் படம் இன்று மக்கள் வழக்கில் ‘அழகற்ற சீமாட்டி’ என்றே அழைக்கப்படுகின்றது. இடைக்கால டைரோல் நாட்டுக் கோமகள் மார்கரெட் என்பவரோடும் இப்படம் தொடர்புபடுத்தப்பட்டதுண்டு. எனினும், பொதுமக்கள் நெஞ்சில் இப்பெயரை ஊன்றியது ஆலிஸ் கதையே எனலாம். முந்நூற்றைம்பது ஆண்டுகள் பிந்திய கதை மாந்தர் ஒருத்தி ஓர் ஓவியத்திற்குத் தன் பெயரைச் சூட்டிவிட்டாள். பெயர் மாறியதோடு பார்வையும் மாறியது. ஓவியத்தின்முன் நிற்பவர் கண் முகத்திலேயே தங்குகின்றது; கையிலுள்ள மொட்டிற்கு இறங்குவது அரிது. மருத்துவர் சிலர் இம்முகத்தில் பேகட் நோய் என்னும் எலும்பு நோயின் குறிகளைக் கண்டனர். அதுவும் முகத்தோடு நின்றுவிடும் பார்வையே. அவர் ஒருவர்க்கு மலர் நீட்டிக்கொண்டிருக்கிறார் என்பது மறைந்துபோயிற்று.

எனவே, கலப்புப் படைப்பை ஒருவழியாக மதிப்பிடுதல் பொருந்தாது என்பது பெறப்படும். அதற்கு மூலங்கள் இரண்டு ஆதலின், ஒவ்வொரு மூலத்திற்கும் அது என்ன செய்தது எனத் தனித்தனியே வினவுதல் வேண்டும். டென்னியலின் கலப்பு கரோலின் நூலைத் திறந்தது. மாசைஸின் ஓவியத்தை மூடியது.

6. வரைபடத்தில் வந்து சேர்ந்தவர்கள்

இந்திய ஓவியத்தில் இவ்விளையாட்டு புதியதன்று. அபனீந்திரநாத் தாகூர் 1930இல் தீட்டிய ‘ஆயிரத்தொரு இரவுகள்’ வரிசையில் அரபுக் கதை மாந்தர் கொல்கத்தாவின் வீடுகளிலும் கடைகளிலும் உலவுகின்றனர். அங்குக் கதை ஒரு நாட்டினது. கருப்பொருள் மற்றொரு நாட்டினது. இம்மரபின் பின்வந்த வளர்ச்சியாகக் குலாம் முகம்மது ஷேக்கின் ‘மாப்பாமுண்டி’ வரிசையைக் கருதலாம்.

1937இல் குசராத்தின் சுரேந்திரநகரில் பிறந்த ஷேக், பரோடாவில் ஓவியம் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றியவர். அவர் குசராத்தி மொழிக் கவிஞரும் ஆவார். உரைநடை நூல் ஒன்றிற்காக 2022ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றவர். ஓவியரிடத்து இலக்கியப் பயிற்சி அமைந்திருப்பது அவரது கலப்பு முறையை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும்.

டுஷாம்பைப் போலவே ஷேக்கும் ஓர் அஞ்சலட்டையிலிருந்து தொடங்கினார். எப்ஸ்டார்ப் உலக வரைபடத்தின் படம் அச்சிடப்பட்ட அட்டை அது. செருமனியின் எப்ஸ்டார்ப் கன்னிமடத்தில் கண்டெடுக்கப்பட்ட அவ்வரைபடம் பதின்மூன்றாம் நூற்றாண்டினது எனக் கொள்ளப்படுகின்றது. முப்பது ஆட்டுத்தோல்களை இணைத்து, ஒரு பக்கம் மூன்றரை மீட்டருக்கும் மேலாக அமைக்கப்பட்டது. உலகம் ஒரு வட்டம். அதன் நடுவே எருசலேம். வட்டத்தின் விளிம்புகளில் இயேசுவின் தலையும் கைகளும் கால்களும். உலகத்தையே அவர் தம் உடலாகத் தாங்கியுள்ளார் என்பது கருத்து. இரண்டாம் உலகப் போரில், 1943இல், ஹானோவர் நகரின்மேல் நிகழ்ந்த குண்டுவீச்சில் அம்மூலம் அழிந்தது. இன்று எஞ்சியிருப்பன படிகளே.

இவ்வரைபடத்தின் வட்டத்தை அடித்தளமாகக் கொண்டு, கணிப்பொறி அச்சும் தூரிகையும் கலந்து 2003ஆம் ஆண்டளவில் ஷேக் ஒரு வரிசையைத் தொடங்கினார். அதனுள் பல நாட்டு ஓவிய மரபுகளிலிருந்தும் மாந்தர் வந்து சேர்ந்தனர். பொன்மானைத் துரத்தும் இராமன், பாலைவெளியில் அலையும் மஜ்னூன், உயிர்த்தெழுந்த இயேசுவை எதிர்ப்படும் மகதலேனா மரியாள், காசி நகர நெசவாளராகிய கபீர் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது பல சமயங்களின் பொதுமை பற்றிய நல்லெண்ணத் தொகுப்பாகத் தோன்றலாம். அவ்வாறு மட்டும் கொள்வது படைப்பைக் குறைத்துக் காண்பதாகும். வந்து சேர்ந்தவர்கள் யாவர் என்பதைவிட, எந்த நொடியில் வந்து சேர்ந்துள்ளனர் என்பதே கருதத்தக்கது. இராமன் முடிசூடிய கோலத்தில் இல்லை; மாயமானின் பின்னே ஓடும் நிலையில் உள்ளான். அவன் தொடர்வது கைப்படாதது. தொடர்வதனாலேயே சீதையைப் பிரிகின்றான். மஜ்னூன், நிஜாமி 1188இல் இயற்றிய காவியத்தால் பெரும்புகழ் பெற்றவன். லைலாவை அடையாமல் விலங்குகளோடு வாழ்பவன். மகதலேனாவின் காட்சியோ ஐரோப்பிய ஓவியத்தில் பலமுறை தீட்டப்பெற்றது. பதுவா நகர ஆலயத்தில் ஏறத்தாழ 1305இல் ஜோட்டோ தீட்டியது அவற்றுள் புகழ்பெற்றது. அங்கு அவள் நீட்டிய கை இயேசுவைத் தொடுவதில்லை. தொடாதே என அவர் விலகுகிறார்.

மூவரும் ஒன்றை நோக்கி விரைகின்றனர். மூவர்க்கும் அது எட்டவில்லை. காடு, பாலைவெளி, கல்லறைத் தோட்டம் என இடம் வேறு; மொழி வேறு; சமயம் வேறு. பிரிவும் இரங்கலும் ஆகிய உரிப்பொருள் மட்டும் வேறுபடவில்லை. கபீர் இதற்குப் புறம்பானவர். அவர் ஓடுபவர் அல்லர். தேடப்படுவது உள்ளேயே உளது என்பது அவர் பாடல்களின் அடிநாதம். ஓடுவோர் நடுவே ஓடாத ஒருவர் இருத்தலால் மற்றையோரின் ஓட்டம் மிகுதியாகப் புலப்படுகின்றது.

நிலங்கள் ஒருங்கு மயங்கலாகா என்னும் வரையறையும் ஈண்டுக் கருதத்தக்கது. ஷேக் பல நிலங்களைக் குழைத்து எந்நிலமும் அல்லாத ஒன்றை ஆக்கவில்லை. இடைக்கால வட்டம் தன் உருவோடு நிற்கின்றது. அதனைக் காண்பவர் ஒரு பழைய கிறித்தவ வரைபடத்தைக் காண்கிறோம் என்பதை மறப்பதில்லை. வந்தவர்களும் தத்தம் ஓவிய மரபின் உடையையும் கோட்டையும் களையவில்லை. வீட்டின் அடையாளம் கெடாமல் விருந்தினர் தங்கியிருத்தல் போன்றது இவ்வமைப்பு.

இவ்வரிசை 2002இல் குசராத்தில் நிகழ்ந்த மதக் கலவரத்திற்குப் பின் உருவாயிற்று என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். யார் எந்நிலத்திற்கு உரியர் என்னும் வினா குருதியால் எழுதப்பட்ட காலம் அது. அவ்வேளையில், எவரும் முழுதாகச் சென்றடையாத ஓர் உலகத்தின் வரைபடத்தில், இழந்தவரையும் தேடுபவரையும் ஓவியர் ஒருங்கு வைத்தார். விளையாட்டு ஈண்டு வினையின்றி அமையவில்லை.

மூலத்திற்கு அவமதிப்பு என்பாரும் ஒன்றைச் சிந்திக்கலாம். எப்ஸ்டார்ப் வரைபடம் அழிந்தது போரினால், கலப்பினால் அன்று. அஞ்சலட்டையளவில் சுருங்கிவிட்ட அதனைத் தம் வாழ்நாட் சிக்கல்களை எண்ணுதற்குரிய களமாக இந்திய ஓவியர் ஒருவர் மீண்டும் விரித்துள்ளார். இராமனைப் பற்றி அறிந்தவர் மஜ்னூனையும், மஜ்னூனை அறிந்தவர் மகதலேனாவையும் தேடிச்செல்ல இப்படம் வழிசெய்கின்றது. அவ்வகையில் இது மூலங்கள் அனைத்தையும் திறக்கும் உரையாகும்.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம். கலப்பு நிகழ்ந்தது என்பதே ஒரு படைப்பிற்குக் குற்றமும் ஆகாது, சிறப்பும் ஆகாது. முகம், உடை, இடம், காலம் ஆகிய புறச்சூழல்கள் எவ்வளவும் மயங்கலாம். மூலத்தில் ஒருவர் எதனை வேண்டி நின்றார், எதனை இழந்தார் என்னும் உள்ளீடு கலப்பின் பின்னும் எஞ்சுகின்றதா என்பதே மதிப்பீட்டின் முதல் வினாவாதல் வேண்டும். மூலம் இரண்டாயின் வினாவும் இருமுறை எழுப்பப்படுதல் வேண்டும். டென்னியலின் சீமாட்டி அவ்வினாவில் ஒருபுறம் வென்று ஒருபுறம் தோற்கின்றாள். ஷேக்கின் வரைபடம் தான் அழைத்த ஒவ்வொருவரின் துயரையும் காத்துள்ளது.

அகப்பாடலுக்கு வகுக்கப்பட்ட விதி ஒன்று பிறநாட்டு ஓவியத்தையும் இந்திய ஓவியத்தையும் ஒரே நிரையில் வைத்து ஆராயத் துணைசெய்கின்றது என்பது இவ்வாய்வின் வழி அறியப்படும் மற்றொரு செய்தி. திரைப்படம், கேலிச்சித்திரம், விளம்பரம் ஆகியவற்றில் காணப்படும் கலப்புகளுக்கும் இம்முறையைப் பொருத்திப் பார்க்க இடமுண்டு.

மாசைஸின் மூதாட்டி இன்றும் இலண்டனில் மொட்டை நீட்டியவாறே உள்ளார். அவரைக் காணச் செல்பவர் ஆலிஸின் சீமாட்டியை எண்ணிச் சிரிப்பது இயல்பே. சிரித்தபின் பார்வையைச் சிறிது தாழ்த்தி அவர் கையையும் நோக்குவாராயின், மூடிய ஓவியம் மீண்டும் திறக்கும்.